வாத்துக்கு ஒரு பாதாம்

அந்த வாத்து எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று நான் முடிவெடுத்து ஒரு கிழமை ஆகியிருந்தது. மகன் பிரெய்ன் ஒரு டெனிஷ் பிள்ளையை விரும்புகிறான். இயேசு பிறந்த நத்தார் இரவுக்கு அவளுடைய தாய் தகப்பன் முதல் தரம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். இந்த நாட்டில் அன்றைக்கு வாத்து வைக்காமல் சம்பந்தியின் முகத்தில் முழிக்கலாமா? ஆனால் துறைமுகத்து மீன் தொழிற்சாலையை இழுத்து மூடியதோடு என் மனுசன் ஜீவரட்ணத்தின் வேலையும் போய்விட்டது. அந்த ஆத்திரத்தில், அலுமாரியில் பாதாம் பைக்கற்று கிழிந்து கிடந்ததற்குக்கூடப் பிரெய்னைப் பிடித்து ஏசிவிட்டேன்.

எஸ்பியர்க் நகரில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் பாதிப்பேருக்கு இதே நிலைமைதான். அதனால் நத்தாருக்கு முன்பு சபையில் வைக்கும் ஒன்றுகூடலில் இந்த வருடம் புரியாணியும் இல்லை, ரோல்ஸும் இல்லை. டெனிஷ்காரர் செய்வதுபோல ஒரு பெரிய சட்டி நிறையப் பாற்சோறு, மேலே ஊற்றச் செரிப்பழப் பாணி. அதற்குள் ஒரேயொரு முழுப் பாதாம் போடுவார்கள். அது அகப்படுகிறவருக்குப் பரிசு. அகப்பட்டாலும் உடனே சொல்லக்கூடாது. கன்னக் கொடுப்புக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, சட்டி காலியாகும்வரை மற்றவர்களைத் தேடித் தேடித் தின்னவிட வேண்டும். இம்முறை பரிசு, ஒரு கடைக்காரர் கொடுத்த உறைந்த வாத்து.

ஒளிக்கிற விளையாட்டு என்றால் எனக்கு ஒருவர்மேலும் நம்பிக்கை கிடையாது. முதலில் சமைத்தவரைப் பிடித்தேன்.

"குருசுமுத்து அண்ணை, பாதாம் எந்தப் பக்கம் கிடக்கு?"

"கிண்டி விட்டாச்சுப் பிள்ளை. எனக்கே தெரியாது," என்றார். அவர் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு கண்கொத்திப் பாம்பாக ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரே பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி. கோயிலுக்குப் போகிற சைவக்காரி, ஆனாலும் எங்கள் நத்தாருக்கு வருடம் தவறாமல் வருவாள். வாய் ஓயாத மனுசி அன்றைக்கு ஒரு சொல் கதைக்கவில்லை. இடது கன்னம் உப்பிக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, அவளின்ரை கன்னத்தைப் பாருங்கோ," என்று மனுசனின் காதுக்குள் சொன்னேன். "மச்சம் மாமிசம் தின்னாதவளுக்கு வாத்து என்னத்துக்கு? கொண்டுபோய் விக்கப்போறாள்."

"ம்," என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவருடைய பதில் அதுதான்.

சட்டியைச் சுரண்டி முடித்தார்கள். எனக்குப் பொறுக்க முடியவில்லை. எழும்பிவிட்டேன்.

"பரமேசிட்டைத்தான் இருக்கு. வாயைத் திறக்கச் சொல்லுங்கோ."

மண்டபம் முழுக்க அவளைப் பார்த்தது. அவள் மெல்ல வாயைத் திறந்தாள். பல் முரசு சிவந்து வீங்கியிருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

"பல்லுக் குத்து அக்கா," என்றாள். "எங்கடை அவருக்கும் வேலை இல்லைத்தானே. பல் டொக்டரிட்டைப் போக இப்ப வசதியில்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படியும் மனம் அடங்கவில்லை. அப்படியென்றால் பாதாம் யாரிடம்?

"கண்டெடுத்தவர் காட்டுங்கோ," என்றார் போதகர்.

பாட்டுக்குழுச் சோபனா உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். அதே நேரம் போதகரின் மச்சானும் ஒன்றைக் காட்டினார். நான் அந்த இருவரையும் மாறிமாறி முறைத்துக்கொண்டிருக்க, என் பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது. ஜீவரட்ணம் எழுந்து நின்று கையை விரித்தார். அதிலும் ஒரு பாதாம்.

குருசுமுத்து அண்ணை கிட்ட வந்து பார்த்தார். மூன்றும் மண்ணிறத் தோலோடு இருந்தன.

"நான் தோல் உரிச்சதெல்லோ போட்டனான்," என்றவர் ஏதோ நினைத்துக்கொண்டு சட்டைப் பையைத் தடவினார். வெள்ளைப் பாதாம் ஒன்று கையோடு வந்தது. "ஐயோ, போட மறந்துபோனன்."

அப்படியென்றால் மூன்றும் வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்தவை. சோபனா நிலத்தைப் பார்த்தாள். என் மனுசன் விரித்த கையை மடக்கவும் மறந்து நின்றார். வாத்து, வாத்து என்று ஒரு கிழமையாக நான் அரித்த அரிப்பு முழுவதும் அந்தக் கைக்குள்தான் கிடந்தது. அவரை அப்படி நிற்க வைத்தது நான்.

அந்தப் பாதாமை எடுத்து என் வாயில் போட்டு, எல்லோரும் பார்க்கக் கடித்தேன்.

"இது எங்கடை அலுமாரிப் பாதாம். வாத்து வேணுமெண்டு இந்த மனுசனை நச்சரிச்சது நான்," என்றேன். "எங்களுக்கு வாத்து வேண்டாம். சம்பந்திக்குக் கோழிக்காலே காணும். சபையிலை அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறியை ஏலம் விடுறமாதிரி இதையும் ஏலத்திலை விடுங்கோ போதகர். வாற காசிலை பரமேசின்ரை பல்லைப் பாப்பம்."

பரமேஸ்வரி கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் மனுசனின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினேன்.

அவர் என் பக்கம் சரிந்து, அன்றைக்கு முதல் தரம் "ம்" இல்லாமல் வேறு சொல் கதைத்தார்.

"தோல் உரிக்கோணுமெண்டு எனக்குத் தெரியாமல் போச்சு, மார்கிரட்."