கட்டை கிடந்த இடம்

எனக்கு ஒரே ஒரு ஆண் வேண்டும். அது கிடைத்தால் ஆய்வேட்டில் புது இனம். கிடைக்காவிட்டால் மூன்று வருட உழைப்பில் பாதி குப்பை.

பூச்சி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பூச்சியே இல்லை. ஈரக் கட்டையைப் புரட்டினால் பதினான்கு காலோடு ஓடி, தொட்டதும் மிளகு போல உருண்டுகொள்ளுமே, அது நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தம். தரைக்கு ஏறி வந்தும் ஈரத்தை விட முடியாத பிறவி. பெண், வயிற்றடியில் ஒரு பை நீரைச் சுமந்து அதில்தான் குஞ்சுகளை வளர்க்கும்.

பெரும்பாறை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், ஓடையோரம் மக்கிக் கிடந்த முள்ளுமுருங்கைக் கட்டைக்கு அடியில் அதைப் பார்த்தேன். முதுகில் இரண்டு மஞ்சள் கோடு. க்யூபாரிஸ் என்ற பேரினம். உருளுகிற எதையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் அதில்தான் கொட்டி வைத்திருக்கிறார்கள். இனம் பிரிக்க ஆணின் வயிற்றடியில் உள்ள முதல் ஜோடித் தகடுகளைப் பார்க்க வேண்டும். எனக்குச் சிக்கிய நான்கும் பெண். எஸ்டேட்டில் விழுந்த மரமெல்லாம் விறகாகிவிடும்; இந்த ஒரு கட்டைதான் தப்பியிருந்தது.

மதுரையிலிருந்து என் கைடு தானே வந்து தேடுவதாகச் சொன்னார். அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"சார் நம்ம வீட்டுக்குப் பின்னாடி பாக்க வாராரும்மா."

"அங்க என்னத்தப் பாக்க?"

"உனக்குப் புரியாது" என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை நாங்கள் போனபோது பின்புறம் பளிச்சென்று இருந்தது. ஓடைவரை புல் செதுக்கி, கூட்டி, பிளீச்சிங் பவுடர் தூவி. மேனேஜர் வருகிற நாளில் லைனை அப்படித்தான் சுத்தம் செய்யச் சொல்வார்கள். பெரிய மனிதர் வந்தால் என் அம்மா முருகம்மாளுக்குத் தெரிந்த மரியாதை அது. கட்டை கிடந்த இடத்தில் சாம்பல்.

"கட்டை எங்கம்மா?"

"அந்த இத்துப்போனதா? பூரானும் தேளுமா கெடந்துச்சு. சாரு கால வச்சிட்டாகன்னா? வெள்ளனே எந்திரிச்சு கோடாலியப் போட்டேன். ஒரே ஈரம், எரிவேனாங்குது."

சிரித்தாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

"அறிவிருக்கா ஒனக்கு?" சார் முன்னாலேயே கத்தினேன்.

அவர் இரண்டு மணி நேரம் மண்ணைக் கிளறினார். "ஃபீமேல மட்டும் வச்சு புது ஸ்பீசிஸ்னு எழுத முடியாதும்மா. பேரினத்தோட நிறுத்திக்க." கடுங்காப்பியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

அம்மா அவர் குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "அது என்ன புள்ள, அப்படியாப்பட்டது?" என்றாள்.

முதல்முறையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"வயித்துல தண்ணியோடயா புள்ளையச் சொமக்குது?"

"ஆமா."

"எரிக்கையில உருண்டு உருண்டு வெளிய வந்துச்சு புள்ள. ஒரு கைப்பிடி இருக்கும். நாந்தான் வெளக்கமாத்தால தீக்குள்ள தள்ளிவிட்டேன்."

சாம்பல் பக்கம் திரும்பினேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அது மேலயே உக்காந்து காவக் காத்திருப்பேனே."

எழுந்து போனாள். சாம்பலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, கொப்புளக் கையால் விலக்கி விலக்கித் தேடினாள். கரியாகிப்போன ஒவ்வொரு உருண்டையாக எடுத்து, "இது ஆணா பாரு, இது ஆணா பாரு" என்று என்னிடம் நீட்டிக்கொண்டே இருந்தாள்.