ஜோதிலட்சுமியின் பழைய முகமூடி

பன்னீர் திராட்சை கிலோ அறுபது ரூபாய்க்குப் போன வாரத்தில், திங்கட்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்கு, சுருளிப்பட்டி ஈஸ்வரபாண்டியின் பந்தலில் திருஷ்டிக்காகத் தொங்கிய வெள்ளை முகமூடி பேச ஆரம்பித்தது. பதினோரு நிமிடம் பேசியது. குரல் அவனுடைய அண்ணன் பொண்டாட்டி ஜோதிலட்சுமியுடையது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவளோ அந்நேரம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி மேசையில் படுத்திருந்தாள். அவளுக்குக் குரல் போய் மூன்று வருடமாகியிருந்தது.

முகமூடி அவளுடையதுதான். முதல் தடவை தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தபோது, தலை அசையாமலிருக்க வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுத்தார்கள். முப்பத்தைந்து நாள் அதற்குள் கிடந்து, புற்றோடு குரலையும் தொலைத்து, விறைத்த கழுத்தோடு ஊர் திரும்பினாள். பிள்ளையில்லாத விதவை பிழைத்து வருவாள் என்று கொழுந்தன் நினைக்கவில்லை. அவளுடைய ஒரு ஏக்கரில் கல் ஊன்றி, பந்தல் போட்டு, கொடி ஏற்றிவிட்டிருந்தான். ஊர்க்கூட்டத்தில் கொஞ்சமும் கூசாமல், "மதினி வாயாலயே எனக்குக் குடுத்துட்டாக" என்றான். அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. இல்லையென்று தலையாட்டப் பார்த்தாள், கழுத்து திரும்பவில்லை. கையை விரித்தாள். "பாத்தீகளா, வச்சுக்கன்னு சொல்றாக" என்றான். கூட்டம் கலைந்து டீ குடிக்கப் போனது. அதோடு விட்டானா? மாட்டுக்கொட்டத்தில் அவள் எறிந்திருந்த முகமூடியை எடுத்துவந்து, இந்த மூஞ்சியைப் பார்த்தால் எவன் கண்ணும் படாது என்று சிரித்துக்கொண்டே பந்தலில் கட்டினான். கட்டாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாம் வருடம் புற்று அதே இடத்தில் திரும்ப வந்தது. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. வெட்டி எடுக்க வழியில்லை, மறுபடியும் கரண்டு வைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சதை தாங்கக்கூடியதை ஏற்கெனவே தாங்கிவிட்டது, கழுத்து ரத்தக்குழாய் வெடிக்கலாம், தாடை எலும்பு செத்துப்போகலாம், அத்தனைக்கும் கிடைப்பது ஆறு மாதமாகவும் இருக்கலாம் என்றார். "எதுக்குக்கா இன்னொரு தடவ வேகணும், வீட்டுக்குப் போயிருவோம்" என்று தங்கை ராஜமணி அழுதாள். ஜோதிலட்சுமி கைநாட்டு வைத்தாள். தன் மண்ணில் அவனைக் குலை அறுக்க விட்டுவிட்டுச் சாக அவளுக்கு மனமில்லை. முகம் வற்றிப்போனதால் புதிய முகமூடி செய்தார்கள். அதை மாட்டி மெஷினை ஓட்டிய நிமிடத்தில்தான் ஊரில் பழையது வாய் திறந்தது.

"ஏலே ஈஸ்வரபாண்டி, நான் எப்படா ஒனக்குக் குடுத்தேன்? டீ குடிக்கப் போனவுகளே, டீ நல்லாருந்துச்சா?"

அறுப்புக்கு வந்திருந்த கேரள வியாபாரிகள் கூடைகளைக் கவிழ்த்துவிட்டு வண்டியை எடுத்தார்கள். மறுநாளும் அதே நேரம், அதே கேள்வி. முகமூடியைக் கிணற்றில் எறிந்தான்; அடுத்த நாள் சொட்டுநீர்க் குழாயின் ஒவ்வொரு துளையும் கேட்டது. ஒரு வாயே மேல் என்று திரும்ப எடுத்துக் கட்டினான். சனி, ஞாயிறு மெஷினுக்கு லீவு, தோட்டத்துக்கும் லீவு. பழம் கொடியிலேயே அழுகியது. ஊருக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது.

இருபத்து மூன்றாம் நாள் அவன் மதுரைக்கு ஓடினான். "பந்தலோட விட்டுர்றேன் மதினி, கரண்ட நிறுத்தச் சொல்லுங்க" என்று காலைப் பிடித்தான். அவள் கையை விரித்தாள். அதற்கு என்ன அர்த்தமென்று அவனுக்குத் தெரியவில்லை. மிச்சம் ஏழு நாளையும் அவள் முடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

தாடை எலும்பு செத்தது, ரத்தக்குழாய் தாங்கியது. மூக்கில் குழாயோடு ஊருக்கு வந்தவள், முகமூடியைப் பந்தலிலிருந்து அவிழ்த்து அவன் வாசலைப் பார்த்த எல்லைக்கல்லில் கட்டினாள். மெஷின் நின்றும் அது நிற்கவில்லை. தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டாள். அவளுக்கு அது தேனாக இருந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவன், "குடுக்கல மதினி!" என்று கத்தினான். உடனே அடங்கியது. அன்றிலிருந்து அவன் பதில் சொன்னால்தான் அடங்குகிறது, அவன் எந்த ஊரில் இருந்தாலும்.

பதினான்கு மாதம் இருந்துவிட்டு ஜோதிலட்சுமி போய்ச்சேர்ந்தாள். தோட்டம் ராஜமணியிடம் இருக்கிறது. அவளும் முகமூடியை அவிழ்க்கவில்லை. நேற்று உத்தமபாளையத்தில் ஈஸ்வரபாண்டி முகம் மழிக்க உட்கார்ந்திருந்தான். பதினொன்று நாற்பதுக்குக் கடைக்காரர் தானாகவே கத்தியை எடுத்துக்கொண்டார். இவன் எழுந்து நின்று, "குடுக்கல மதினி" என்றான். உட்கார்ந்ததும் அவர் மறு கன்னத்துக்குச் சோப்பு போட்டார்.