வாயாடி

‘மாட்டேன்’ என்று அவள் அடித்து முடிப்பதற்குள் வாயாடியின் திரை அணைந்துவிட்டது.

தாய்மாமா சுவரோரம் குனிந்து அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மைக் செட்டின் பிளக்கைச் சொருகிக்கொண்டிருந்தார். இவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. கூடத்தின் நடுவில் மாலைகளுக்கடியில் அம்மா கிடந்தாள். வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று இவளுடைய சக்கர நாற்காலியை ஏற்கெனவே மூலைக்குத் தள்ளியாயிற்று.

விசைகளை அழுத்தினால் இவளுக்காகப் பேசும் பெட்டிக்கு வாயாடி என்று பெயர் வைத்தது அம்மா. பேட்டரி கெட்டுப்போனதிலிருந்து பிளக்கில் இருந்தால்தான் அது பேசும். நடுங்கும் விரல் பக்கத்து விசையில் விழாமலிருக்க, ஓட்டை போட்ட பலகை ஒன்றை அம்மாதான் மேலே பொருத்தியிருந்தாள். ஓட்டைகளின் விளிம்பைத் தன் நகம் ராவும் அரத்தாலேயே மழுக்கினாள். பிறகு அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி, அதுபோல் பள்ளிகளுக்கெல்லாம் கிடைக்கும்வரை சண்டை போட்டாள். பெற்றோர் சங்கம் அப்படித்தான் உருவானது. பிள்ளை அடித்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

பேச்சற்றவர்களின் குரலாக வாழ்ந்தவர் என்று சங்கச் செயலாளர் மைக்கில் ஆரம்பித்தார். மாமா சித்தியிடம் குனிந்தார்.

“விடுதியில பேசிட்டேன். நாளைக்கு வண்டி வருது.”

“அவகிட்ட கேட்டீங்களா?”

“இப்பதான் சொன்னேன். ஒண்ணும் சொல்லலியே.”

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ‘அழட்டும், பாவம்’ என்று யாரோ முதுகைத் தடவினார்கள். தடவிய கையைக் கடித்துவிடலாம் போலிருந்தது.

மூலைக்குத் தள்ளியதில் ஒரு சௌகரியம், மைக் வயர் காலடியிலேயே ஓடியது. பாதத்தை வளைத்து மாட்டி இழுத்தாள். ஒருதரம் நழுவியது. மறுதரம் பிளக் கழன்று விழுந்தது.

“அன்னாரின் கனவை நாம்” என்ற இடத்தில் செயலாளரின் குரல் சிறுத்துப்போனது.

மாமா பாய்ந்து வருவதற்குள் சித்தி முந்திக்கொண்டாள். தரையில் கிடந்த இரண்டு பிளக்குகளையும் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். வாயாடியின் பிளக்கைச் சொருகினாள்.

“என்ன பண்றே நீ? அவர் பேசிட்டிருக்கார்ல?”

“பொறுங்கண்ணா. அவ முடிக்கட்டும்.”

பழைய பெட்டி விழித்துக்கொள்ள நேரம் எடுத்தது. செயலாளர் செத்த மைக்கைப் பிடித்தபடியே நின்றார். யாரும் பேசவில்லை.

திரை வெளுத்தது. அவள் விரல் பலகைமேல் தடவித் தடவி முதல் ஓட்டைக்குள் இறங்கியது. விளிம்பு வழவழவென்றிருந்தது.