ரங்கம்மாளுடைய வரிசை

எனக்கு முன்கோபம் என்று ஊரே சொல்லும். நைனார்பாளையத்தில் இறங்கி ஜெயம்மாள் வீடு எது என்று விசாரித்துப் பாருங்கள், "அந்த வாய்க்காரி வூடா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இருபது பெண்கள் இருக்கிற களைவெட்டுச் செட்டில் வாய் இல்லாதவள் எப்படிப் பிழைப்பது?

வாய் பிற்பாடு வந்தது. ஓட்டம் அதற்கு முந்தியது. ஒன்பதாவது படிக்கும்போது மாவட்டப் போட்டியில் முதலாவதாக வந்தேன். அடுத்து சென்னையில் நடக்கிற மாநிலப் போட்டிக்குப் பேரும் கொடுத்தாகிவிட்டது. அந்த வாரம் பார்த்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்க ஆள் பற்றவில்லை என்று அப்பா என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனார். அதோடு பள்ளிக்கூடமும் நின்றது. முழுசாக ஓடவிட்டால் நான் எவ்வளவு வேகம் ஓடுவேன் என்பது எனக்கே தெரியாமல் போய்விட்டது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் கல்யாணமும் பண்ணியாயிற்று. அந்த ஏக்கம் மட்டும் போகவே இல்லை.

எங்கள் செட்டு வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மக்காச்சோளக் கொல்லையில் களை வெட்டினால் ஆளுக்கு ஒரு வரிசை. இந்த வரப்பில் எல்லோரும் ஒன்றாக இறங்குவோம், அந்த வரப்பில் ஒன்றாகக் கரையேற வேண்டும். முதலில் முடித்தவள் சும்மா நிற்கக் கூடாது. பின்தங்கினவள் வரிசைக்குள் எதிர்ப்பக்கமாக இறங்கி, அவளைப் பார்க்க வெட்டிக்கொண்டு வர வேண்டும். நடுவில் இரண்டு பேரும் சேர்ந்தால் அந்த வரிசை முடிந்தது. எப்போதும் முதலில் முடிப்பவள் நான். எப்போதும் பின்தங்குகிறவள் ரங்கம்மாள்.

ரங்கம்மாள் என் பக்கத்து வீட்டுக்காரி, என் வயதுக்காரி. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பேச்சு கம்மி. களைக்கொத்தை எடுத்தால் ஆற அமரத்தான் போடுவாள். "ஏண்டி, களைக்குத் தாலாட்டு பாடிக்கினு இருக்கறியா?" என்று கத்திக்கொண்டே அவள் வரிசையில் பாதியை நான் வெட்டிக் கொடுப்பேன். அவள் சேலை மேல் போட்டிருக்கிற ஆம்பிளைச் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிசையில் இறங்குவாள்.

ஒருநாள் காலையில் ஷேர் ஆட்டோ எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. தாமதமாகப் போனால் மேஸ்திரி திருப்பி அனுப்பிவிடுவார். தூக்குப்போசியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சின்னசேலம் ரோட்டில் ஓட்டமெடுத்தோம். முன்னால் பனியன், அரைக்கால் சட்டை போட்ட நாலைந்து ஆண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போய்விட்டோம். அதில் ஒருவர் சாதுல்லா பாய். கள்ளக்குறிச்சியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், சர்க்கரைக்காக ஓட ஆரம்பித்து அதிலேயே பைத்தியமானவர். மறுநாள் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"தங்கச்சி, உங்களுக்கு ஓட்டம் நல்லா வருது. மெட்ராஸ்ல மாரத்தான் நடக்குது. இருவத்தோரு கிலோமீட்டர். ரெண்டு பேரும் வர்றீங்களா?"

என் வீட்டுக்காரர் மாயவன் சிரித்தார். "இதுக்கு வாய்தான் பாய் ஜாஸ்தி ஓடும்."

நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத் தனிப் பரிசு உண்டு, முதல் மூன்று பேரை மேடையில் ஏற்றுவார்கள் என்று பாய் சொன்னார். அந்த மேடை எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தேன். பக்கத்தில் நின்றிருந்த ரங்கம்மாளை யாரும் தனியாகக் கேட்கவில்லை. அவளாகவே, "நானும் வரேன் பாய்," என்றாள். எனக்குத் துணைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் எங்களை வேனில் கச்சிராயபாளையம் கூட்டிப்போய், அங்கிருந்து வெள்ளிமலை ரோட்டில் மேலே ஓடவிடுவார். வாழ்நாளில் நான் யாரையும் அப்படித் திட்டியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் பாயையும், பாயைப் பெற்றவர்களையும், அந்த ரோட்டைப் போட்டவனையும் சேர்த்துத் திட்டினேன். மலைக்குப் போகிற பஸ் எங்களைப் பார்த்து நின்றது. "வண்டிய வுட்டுட்டீங்களாம்மா? ஏறுங்க, எடம் கீது," என்று கண்டக்டர் மனசு இரங்கிக் கூப்பிட்டார். "நாங்க சும்மா ஓடறோம்," என்றேன். பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. நான் மேலே போய் நின்று, ரங்கம்மாள் வரும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் வந்து சேருவாள், தண்ணீர் குடிப்பாள்.

சென்னையில் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கடற்கரை ரோடு நிறைய ஜனம். தேர்த் திருவிழாவில்கூட அவ்வளவு கூட்டம் பார்த்ததில்லை, ஆனால் இங்கே எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். என் நெஞ்சில் நம்பர் குத்தியிருந்தது. சுடிதாரும் ஷூவுமாக என்னைப் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. ரங்கம்மாள் சிரிக்கவில்லை. கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, பயமா?"

"இல்ல," என்றாள்.

விசில் ஊதியதும் நான் கிளம்பிவிட்டேன். ஓடுகிறவர்களுக்குச் சொன்னால் புரியும், மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அத்தனை பேர் காலடிச் சத்தம் மழை மாதிரி சுற்றிலும் கேட்கிறது. முன்பின் தெரியாத ஜனங்கள் ரோட்டோரம் நின்று கை தட்டுகிறார்கள். தண்ணீர் கொடுக்கிற மேஜையில் டம்ளரை வாங்கி, குடித்துவிட்டு, கொடுத்த பையனிடமே திருப்பி நீட்டினேன். "தூக்கிப் போடுங்க ஆன்ட்டி," என்றான். ஒருவர் கொடுத்ததைக் குடித்துவிட்டு ரோட்டில் எறிய எனக்குக் கை வரவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினேன். அடையாறு பாலத்தின் மேல் ஏறும்போது சூரியன் வந்துவிட்டது. என் கால் எனக்குச் சொந்தமாக இருந்தது. யாருக்கும் சோறாக்க வேண்டாம், யார் வரிசையையும் பார்க்க வேண்டாம். சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதுகொண்டே ஓடினேன்.

அந்த ரோடு ஓரிடத்தில் திரும்பி, நடுவில் இருக்கிற டிவைடருக்கு அந்தப் பக்கமாக வந்த வழியே போகிறது. திரும்புகிற இடத்தில் சாதுல்லா பாய் நின்றிருந்தார். முழங்கால் வீங்கிப்போய் அந்த வருஷம் அவர் ஓடவில்லை. வாழைப்பழத்தை நீட்டி, "தங்கச்சி, உன் வயசுல உனக்கு முன்ன ரெண்டே பேரு. ஒருத்தி ரொம்ப களைச்சுட்டா. மேட உனக்குத்தான், விடாத," என்றார்.

"ரங்கா எங்க பாய்?"

"அவ வருவா. நீ போ."

திரும்பினேன். ஓடினேன். முன்னால் நீலச் சட்டை போட்ட ஒருத்தி தள்ளாடிக்கொண்டு போவது தெரிந்தது. அவள்தான் பாய் சொன்னவள். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அவளையும் தாண்டிவிடலாம். அப்போது டிவைடருக்கு அந்தப் பக்கம் ரங்கம்மாள் எதிரில் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துக்கொண்டு, தலை குனிந்து வந்தாள்.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். இருபது வருஷமாக உடம்பு பழகினது ஒன்றுதான். நான் கடைசிவரை போய்த் திரும்பிவிட்டேன், அவள் இன்னும் வந்து சேரவில்லை, எதிரில் வருகிறாள். மனசு நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் டிவைடரைத் தாண்டிவிட்டது.

"வாடி, நான் வந்துட்டேன்," என்று அவள் முழங்கையைப் பிடித்தேன்.

உதறினாள். "உன்ன யாரு கூப்ட்டா?"

"நொண்டிக்கினு வர்ற. பாத்துட்டும் பாக்காத மாதிரி போவ சொல்றியா?"

"போயேன். நான் நொண்டுவேன், நடப்பேன், குந்தி எழுந்து போவேன். என் காலு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எனக்கு முன்ன ரெண்டே பேருடி. அத வுட்டுட்டு உனக்கோசரம் வந்துக்கீறேன்."

"நான் கேட்டனா?" ரங்கம்மாள் குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. "என்னிக்காவது கேட்டனா? இருவது வருசமா என் வரிசையில பாதிய நீ வெட்டற. வெட்டிட்டு இடுப்புல கைய வச்சிக்கினு பாக்கற. மேஸ்திரி என்ன அரையாளுன்றான். அல்லாரும் சிரிக்கறாளுங்க. நானா ஒரு வரிசைய முடிக்க எவளாவது வுட்டீங்களா? இத நான் முடிக்கணும். நீ எட்டப் போ."

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிவைடர் மேல் உட்கார்ந்துவிட்டேன். நீலச் சட்டை கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அதற்குப் பின்னால் வந்தவர்கள், என் வயதுக்காரிகள் சிலரும், என்னைத் தாண்டிப் போனார்கள். மேடை போய்விட்டது. ஒன்பதாம் வகுப்பில் அப்பா பறித்ததை இந்தத் தடவை நானே கைவிட்டுவிட்டேன், அதுவும் வேண்டாம் என்கிறவளுக்காக. அவளை வாய்க்கு வந்தபடி திட்ட நினைத்தேன். அவள் சொன்னதில் ஒன்றாவது பொய்யாக இருந்திருந்தால் திட்டியிருப்பேன்.

"ஆன்ட்டி, கால் பிடிச்சிருச்சா? ஸ்ப்ரே அடிக்கட்டுமா?" என்று ஒரு பெண் ஓடி வந்தாள்.

"கால் நல்லாத்தான் கீது கண்ணு. நீ போ," என்றேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பின்னாலிருந்து இழுத்து வைக்கிற காலடி கேட்டது. ரங்கம்மாள் கடைசிவரை போய்த் திரும்பி, இப்போது என் பக்கத்து ரோட்டில் வந்துகொண்டிருந்தாள். பாய் ஏதோ தைலம் தேய்த்துவிட்டிருந்தார், வாசனை அடித்தது. நொண்டல் குறைந்திருந்தது. என்னைப் பார்த்தும் நிற்கவில்லை, வேகத்தை மட்டும் கொஞ்சம் தணித்தாள்.

"இன்னும் இங்கயே குந்திக்கினு கீறியா? எழுந்து ஓடு."

"நீ முன்ன போடி. இனிமே எனக்கு இன்னா அவசரம்?"

"அதான் வாணான்றேன். எனக்காக நீ மெதுவா வந்தேன்னு தெரிஞ்சுது, செத்தாலும் உன் வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

போய்விட்டாள். எழுந்தேன். உட்கார்ந்ததில் தொடை இரண்டும் கட்டையாக இறுகிப் போயிருந்தது. அதை அடித்து அடித்து ஓட ஆரம்பித்தேன். ரங்கம்மாள் முதுகை நான் அதுவரை பார்த்ததே இல்லை, எப்போதும் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரே அளவில், அவசரமில்லாமல், நிற்காமல் போய்க்கொண்டிருந்தது அந்த முதுகு. பாலத்தில் பிடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. மேட்டில் அவள் தணியவே இல்லை. மலைக்காரி இல்லையா. எனக்கு மூச்சு வாங்கியது. இவளையா பிடிக்க முடியவில்லை என்று என்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் தொடை வலி மறந்துபோயிற்று.

கடற்கரை ரோட்டில் முடிவிடத்து வளைவு தெரிகிற இடத்தில் அவளைப் பிடித்தேன். பக்கத்தில் வந்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் தானாகத் தணிந்தது. ஒன்றாகக் கரையேறலாம் என்றது உடம்பு.

ரங்கம்மாள் திரும்பி என் காலைப் பார்த்தாள். "தணியற," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே பல்லைக் கடித்தாள். "ஓடுடி."

சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் பாய்ந்தாள்.

ஓடினேன். மேடைக்காக ஓடியபோதுகூட நான் அப்படி ஓடவில்லை. நின்று இவளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, எனக்கு முன்னால் இவளே ஓடுகிறாள். கைதட்டல் காதில் விழவில்லை. தோளோடு தோளாக வந்தோம். அவள் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் இருந்ததையெல்லாம் எடுத்துக் காலில் போட்டேன். என் நெஞ்சுதான் முதலில் கோட்டைத் தாண்டியது. ஒரு கை நீளம் இருக்கும், அதற்கு மேல் இல்லை.

புல்தரையில் விழுந்து கிடந்தேன். பக்கத்தில் அவளும் வந்து விழுந்தாள். கழுத்தில் மெடல் போட வந்த பெண் எங்கள் இரண்டு பேர் மூச்சும் அடங்கக் காத்துக்கொண்டு நின்றாள்.

"முழுசா ஓடனியா?" என்று கேட்டாள் ரங்கம்மாள்.

"ஓடனேன்."

"எம்மேல சத்தியமா?"

"உம்மேல சத்தியமா. இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்லடி."

ரங்கம்மாள் வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். தோற்றுவிட்டு அவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிற ஆளை நான் கண்டதில்லை. அப்புறம் ஒரு கையை ஊன்றி, என் பக்கம் சாய்ந்து, ரகசியம் மாதிரிச் சொன்னாள்.

"இடுப்பு புடிக்காம இருந்திருந்தா உன்ன வுட்டிருக்க மாட்டேன். வர்ற வருசம் பாரு."

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு அவளிடம் முதல் தடவையாகப் பயம் வந்தது.