பெயின்டரின் கட்டைவிரல்

இறந்தவர்களின் பெயரைக் காப்பில் வெட்டிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு என்று சொன்னால், கேட்கிறவர்கள் உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. எங்கள் பட்டறையில் நாள் முழுக்க நடப்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இடையிலான சண்டைதான். நான் எழுத்து வெட்டுகிறவள். அவர் தகட்டைப் பட்டையாக நறுக்கி, நான் வெட்டியதும் வளைத்து, ராவி, மெருகேற்றுகிறவர். நான் ஒரு பெயரையும் தேதியையும் வெட்டி முடிக்கும் நேரத்தில் அவர் ஒரு டம்ளர் டீயை முடித்திருப்பார். கீழே சாவி செய்யும் கடைக்காரர் அவருக்கு 'நிதானம்' என்றும் எனக்கு 'மிளகாய்' என்றும் பெயர் வைத்திருக்கிறார். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ஆனால் அந்த மாடிப்படியில் எந்தப் பேச்சும் கீழேயே தங்குவதில்லை.

அழுதுகொண்டே வருகிறவர்கள் உண்டு. வந்து உட்கார்ந்து, மணிக்கட்டை நீட்டி, நான் நாடாவைச் சுற்றி அளவெடுப்பதற்குள் போனவரைப் பற்றி ஏதாவது ஒரு வேடிக்கையைச் சொல்லிச் சிரித்துவிடுவார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அந்தப் பெண்ணும் அப்படித்தான். அவளுடைய அப்பா பெயின்டர். நோயில் படுத்து, போய்ச் சேர்ந்து, சில மாதங்கள் ஆகியிருந்தன.

"பேரெல்லாம் வேணாம்க்கா. எங்கப்பா கட்டைவிரல் ரேகை மட்டும் போதும்" என்றாள்.

"ரேகை எங்கிருந்தும்மா கிடைக்கும்?" என்றேன். மனிதர் போன பிறகு வந்து இதைக் கேட்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

"வீட்டு ஜன்னல்ல இருக்கு. பெயின்ட் காஞ்சிடுச்சான்னு தொட்டுப் பாத்தாரு. காயல. அப்படியே பதிஞ்சிடுச்சு. ஊருக்கெல்லாம் பெயின்ட் அடிச்ச மனுஷன் தான் குடியிருக்கிற வீட்ல கைநாட்டு வெச்சிருக்காருன்னு எங்கம்மா கிண்டல் பண்ணிட்டே இருப்பாங்க. அவர் கடைசி வரைக்கும் அதைச் சரி பண்ணல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. அவர்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மர ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டு அலுமினியம் போடப் போகிறாராம். ஆட்கள் எந்த நாளும் வந்துவிடலாம். அதற்குள் அந்த விரலை எடுத்தாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே போனார். பல் டாக்டர்கள் அச்செடுக்கிற மாவு ஒன்று இருக்கிறது. இரண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைந்து அழுத்தி வைத்தால் கொஞ்ச நேரத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும், ஒரு மயிரிழைக் கோட்டைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு வரும். அதை ஒரு டப்பாவில் பஞ்சு மேல் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான் திறந்தேன். மேலே அழகான ஒரு கட்டைவிரல் ரேகை. படமெடுத்துக் கணினியில் ஏற்றி, லேசர் மெஷினில் ஸ்டீல் பட்டையின் நடுவே பொறித்தேன். அவர் வளைத்து மெருகு போட்டார். நான் செய்த வேலைகளில் எனக்கே பிடித்துப்போனவை கொஞ்சம்தான், அதில் இது ஒன்று.

அந்தப் பெண் வந்து போட்டுக்கொண்டாள். ரேகையின் மேல் தன் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. துக்கம் என்று நினைத்துக்கொண்டு நான் தண்ணீர் கொடுத்தேன்.

சில நாள் கழித்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டலாம் என்று எனக்கு ஆசை வந்தது. வருகிறவர்களுக்கு மாதிரி காட்ட வேண்டுமே. திரை நிறைய ரேகையை வைத்துக்கொண்டு இவரைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு ஆடி அசைந்து வந்தார்.

"இந்த ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிடேன், நல்லா இருக்கும்" என்று திரைக்குப் பக்கத்தில் கட்டைவிரலை நீட்டினார்.

திரையில் இருந்த விரலில் குறுக்காக ஒரு கோடு ஓடியது. மேலே இருந்து சரிந்து வந்து, ரேகைகளை வெட்டிக்கொண்டு, கடைசியில் கொஞ்சம் வளைந்திருந்தது. அவர் நீட்டிய விரலிலும் அதே கோடு.

"விரலைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

அந்தத் தழும்பை எனக்குத் தெரியாதா? பட்டறை ஆரம்பித்த புதிதில் தகடு வெட்டும் கத்தரி வழுக்கிக் கிழித்தது. ஒரு பக்கம் திட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் கட்டுப் போட்டவள் நான்தான்.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. எப்போதும் மாவின் முதுகை ஒரு மரத்துண்டால்தான் அழுத்துவார், முதுகு மொழுக்கென்று இருக்கும். அந்த ஜன்னல் மூலையில் மரத்துண்டு நுழையவில்லை. கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். கொண்டுவரும்போது பெயின்டரின் ரேகை நசுங்கக் கூடாது என்று அதைக் கவிழ்த்துப் பஞ்சில் வைத்திருக்கிறார். மேலே இருந்தது இவருடைய விரல். நான் மேலே இருந்ததைப் படமெடுத்துவிட்டேன்.

"பின்பக்கத்தைப் படம் எடுத்தது யாரு?" என்றார்.

"பின்பக்கத்துல கைநாட்டு வெச்சது யாரு? கவுத்து வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

யாரோ ஒரு பெண் என் புருஷனின் விரலைக் கையில் மாட்டிக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்பா அப்பா என்று அழுதுகொண்டிருக்கிறாள். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அடுத்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. ஜன்னல் இந்நேரம் போயிருக்கும். வேலை முடிந்ததும் அச்சை நான் குப்பையில் போட்டுவிடுவேன். இதையும் போட்டேன். அந்த மனிதரின் விரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

"குப்பை" என்றேன்.

குப்பைக் கூடையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டுவது அவருடைய வேலை. கொட்டச் சொல்லித் தினமும் கத்துவது என்னுடைய வேலை. கூடை மேசைக்கு அடியில் பிதுங்கி வழிந்துகொண்டு நின்றது. தரையில் கவிழ்த்தோம். ராவின தூள், மெருகுத் துணி, காகிதம், பேப்பர் கப்புகள். அடியில் அந்த வெளிர்நீல அச்சு கிடந்தது. துடைத்துத் திருப்பினேன். அகலமான, நிதானமான ஒரு விரல். குறுக்கே கோடு கிடையாது. பெயின்டர் பத்திரமாக இருந்தார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே குப்பை நடுவே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ சொன்னப்பவே கொட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார் இவர். இந்தக் கேள்வியை இனி நான் சாகும்வரை கேட்டாக வேண்டும்.

கையிலிருந்த வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அதே அளவில் புதிதாக ஒரு காப்பு செய்தோம். இந்த முறை நான் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பார்வையில் அது தேய்ந்திருக்க வேண்டும். காப்பு தயாரானதும் அடுத்த சண்டை ஆரம்பித்தது.

"மெருகு சரியா வரலன்னு சொல்லி மாத்திக் குடுத்துட்டு வந்துடலாம்" என்றேன்.

"உண்மையைச் சொல்லிடலாமே."

"சொல்லலாம். அவ இத்தனை நாள் அந்தக் காப்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதிருப்பா. அது எங்க வீட்டுக்காரர் விரல்மான்னு சொன்னா மனசு என்ன பாடுபடும்? அதுக்கப்புறம் இதையாவது நம்புவாளா? இது யார் விரலோன்னு ஆயுசு முழுக்க சந்தேகத்தோடயே பாத்துக்கிட்டு இருப்பா. அவளுக்கு மிச்சம் இருக்கிறதே இது ஒண்ணுதான். அதையும் கெடுக்கணுமா?"

அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்டார் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அந்த வீட்டு வாசலில் மஞ்சள் வேன் நின்றிருந்தது. முன்பக்கம் புத்தம்புதிய அலுமினிய ஜன்னல்கள், மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. உடனே பையில் அச்சு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தவள் முகம் வாடிக் கிடந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. உள்ளே அவளுடைய அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, வாங்கண்ணா. நானே உங்களைப் பாக்க வரணும்னு இருந்தேன்" என்றவள், நான் வாயைத் திறப்பதற்குள் காப்பைக் கழற்றி என் முன்னே நீட்டினாள். "ஒண்ணு கேக்கணும்க்கா. இது என்ன கோடு? வெட்டுக் காயம் ஆறின மாதிரி இருக்கே."

நான் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாவைக் கேட்டேன், தெரியலங்கிறாங்க. அண்ணனுக்கு போன் போட்டேன், அவனுக்கும் தெரியல. அப்பாகூட வேலை செஞ்சவங்களையும் கேட்டுட்டேன். இவ்வளவு ஆழமா பட்டிருக்கு, யாருகிட்டயும் சொல்லாம எங்க போய்க் கட்டுப் போட்டாருன்னே தெரியல. எப்படி வலிச்சிருக்கும். கடைசியில அவருக்கு நகம் வெட்டினது நான்தான்க்கா. கையைப் புடிச்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தேன். என் கண்ணுல படலையே. பெயின்ட் கறைன்னு நெனச்சு விட்டிருப்பேனோ என்னமோ."

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "அவளையாவது மன்னிச்சு விட்டுடலாம்மா. வேன் ஓட்ட வெளியில போற பொண்ணு" என்றார் என்னிடம். "நான் கூடவே இருந்தவ. அந்தக் கையாலதான தினமும் சாப்பிட்டாரு. எதிர்ல உக்காந்து நான் என்னத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேனோ."

மெருகு என்ற வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. அதைச் சொல்லி, காப்பை மாற்றிக் கொடுத்து, நான் பாட்டுக்குப் போய்விட்டால் இந்த இரண்டு பேரும் இல்லாத காயத்துக்கு மருந்து தேடிக்கொண்டே கிடப்பார்கள். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அது உங்கப்பா விரல் இல்லம்மா" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். நான் திரும்பி இவரைப் பிடித்து முன்னால் இழுத்தேன். "கையைக் காட்டுங்க."

எதற்கும் அவசரப்படாத மனிதர், வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரிச் சட்டென்று கட்டைவிரலை நீட்டினார். மாவு, மரத்துண்டு, மூலை, கவிழ்த்து வைத்தது, நான் பார்க்காமல் படமெடுத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அச்சை எடுத்து இரண்டு பக்கத்தையும் திருப்பிக் காட்டினேன். அவள் காப்பை இவர் விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சைப் பார்த்தாள். மறுபடியும் விரலைப் பார்த்தாள். ஓங்கி ஓர் அறை விட்டாலும் வாங்கிக்கொள்ள நான் தயாராகத்தான் நின்றேன்.

"அப்ப இந்தக் காயம்?"

"இவரோடதும்மா. தகடு வெட்டறப்ப பட்டுது. நான்தான் கட்டுப் போட்டேன்."

"அப்பாவுக்குப் படல?"

"படல. நீயே பாரு, இதுல கோடே இல்ல."

அவள் அச்சை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அடுத்த கணம் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலம்மா."

அம்மா மடித்த துணியை மடியில் வைத்தார். "ஒண்ணும் ஆகலையா?"

"ஒண்ணும் ஆகல. இது இந்த அண்ணன் கை."

"அப்பாடா" என்று அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. இறந்து மாதக்கணக்கான ஒரு மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்த அறையில் நான்கு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அதில் எங்களில் யாருக்கும் எந்த விசித்திரமும் தெரியவில்லை.

பழைய காப்பை அவள் என் கையில் வைத்தாள். "இதை நீங்களே போட்டுக்கங்கக்கா."

"உயிரோட இருக்கிற ஆளுக்கு எதுக்கும்மா? விரலே வீட்ல சும்மாதான கிடக்கு" என்றேன். இவர் விரலை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புதிய காப்பை எடுத்து நீட்டினேன். மகள் கையை நீட்டுவதற்குள் அம்மா வாங்கிக்கொண்டார். தன் மெலிந்த கையில் போட்டுப் பார்த்தார். அது முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. கீழே இழுத்து, ரேகையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"அம்மா, அது என் அளவும்மா" என்றாள் மகள்.

"தெரியுது. கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார்.