அப்பாவின் கண் என்ன நிறம்

எதெல்மிரா கடைசி ஆட்டின் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி வில்சன் பட்டியின் வேலியோரம் வந்து நின்றான். வடக்கே சுரங்க ஊரிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவன். கறுப்புச் சட்டை கசங்கிக் கிடந்தது.

“அக்கா, அப்பா உள்ள பெட்டியில கிடக்காரு. நீ இங்க பால் கறந்துக்கிட்டு இருக்கே.”

“கறக்காம விட்டா மடி கட்டிக்கும். ஆட்டுக்குத் தெரியுமா சாவு வீடுன்னு?”

எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. படுக்கையில் கிடந்த அப்பாவை மூன்று வருடமாகத் தூக்கி உட்காரவைத்த இடுப்பு. அழுகை வரவில்லை. எங்காவது போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் ஓவாயே நகரத்திலிருந்து பாதிரியார் வருகிறார், தலைமாட்டில் வைக்க ஒரு படம்கூட இல்லை என்றான் வில்சன். அவன் போனில் இருந்ததிலெல்லாம் தொப்பியின் நிழல் அப்பாவின் பாதி முகத்தைத் தின்றிருந்தது.

“நீ வரைஞ்சுடேன்க்கா.”

“நான் ஆடுதான்டா வரைவேன்.”

“ஆடு வரைய வந்தா அப்பாவை வரைய வராதா? ரெண்டுக்கும் தாடி ஒண்ணுதானே.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு வீட்டு வாசலைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

சமையலறை மேசையில் பாலாடைக்கட்டி சுற்றும் தாளை விரித்தாள். சிறுமியாக இருந்தபோதிலிருந்து அந்தத் தாளில்தான் ஆடுகளை வரைந்து வருகிறாள். மற்றப் பிள்ளைகள் ஆட்டுக்குக் கண் என்று ஒரு புள்ளி வைப்பார்கள். அவள்தான் கிட்டே போய்ப் பார்த்தாள். கருமணி வட்டமாக இல்லை. உண்டியல் துளை மாதிரி படுக்கைவாட்டில் கிடந்தது. ஆடு குனிந்து மேயும்போதும் அந்தத் துளை சாயாமல் தரையோடு மட்டமாகவே நின்றது. கனேலா என்ற ஆட்டுக்குத் தேன் நிறம், லுசேராவுக்கு வெளுத்த சாம்பல். கண்ணை மட்டும் காட்டினால் எந்த ஆடு என்று சொல்லிவிடுவாள்.

தொப்பி வந்தது. காது, தாடி, எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. கண்ணுக்கு வந்ததும் பென்சில் நின்றது.

“அத்தை, அப்பா கண்ணு என்ன நிறம்?”

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த சுனில்தா அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, நிமிர்ந்தாள். “கறுப்புதானே?” என்றாள். “இரு இரு. எங்கம்மாவுக்குப் பச்சை. இவனுக்கு…”

“பழுப்பு?” என்று வில்சன் கேள்வியாகவே சொன்னான்.

எதெல்மிராவுக்கு முகம் சுட்டது. தினமும் ஈரத்துணியால் அந்தக் கண்களைச் சுற்றித் துடைத்தவள் அவள். துடைக்கும்போது அவர் மூடிக்கொள்வார். பேசும்போது மலையைப் பார்ப்பார்.

“லேசா இமையைத் தூக்கிப் பாத்துட்டா என்ன?” என்றான் வில்சன்.

“கையை வச்சே, வெட்டிடுவேன்.” அத்தை கத்தியை நீட்டினாள். “மூடினது மூடினதுதான்.”

எதெல்மிரா தாளைத் தள்ளிவிட்டாள். “என்னால ஆகாது. ஒரு நாள்கூட அவரு என்னை நேரா பாத்ததில்ல அத்தை.”

“பாக்காம என்ன? நீ இந்த மேசையில குனிஞ்சு ஆடு வரையறப்பல்லாம் உன்னையேதான் பாத்துக்கிட்டிருப்பான். நீ நிமிந்தா மலைப்பக்கம் திரும்பிக்குவான். வெக்கங்கெட்டவங்க உண்டு, இவன் வெக்கத்துலயே செத்த பய.”

சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள் அத்தை.

எதெல்மிரா தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பெட்டியின் மூடியில், உள்ளே அப்பாவின் முகம் தெரிய, ஒரு சிறிய கண்ணாடிச் சன்னல் பதித்திருந்தது. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூடிய இமைகளை அப்படியே வரையத் தொடங்கினாள். மேலிமையின் மடிப்பு. அங்கங்கே நின்ற நரைத்த மயிர்கள். இடது ஓரத்தில், இத்தனை நாள் அவள் பார்த்திராத ஒரு சின்ன மச்சம்.

குனியும்போதெல்லாம் அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. சட்டைக் கையால் துடைத்தாள். முகம் தெளியும்வரை காத்திருந்து அடுத்த கோட்டைப் போட்டாள்.