எல்லா அப்பளமும் ஒரே நிறம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு லிஃப்ட்டில் கிடைத்தது. பூனாவில், ஔந்து பகுதியில் ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. லிஃப்ட்டுக்குள் அறுபதைத் தாண்டிய ஒருவர் நின்றிருந்தார். நெற்றியில் விபூதி, கக்கத்தில் ஓர் இரும்புத் தகடு, கையில் ஓர் அப்பளக் கட்டு. தகட்டுக்கும் அப்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பூனாவில் முன்பின் தெரியாத தமிழரிடம் தமிழில் வாயைத் திறந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் மூட முடியும். அடக்கிக்கொண்டேன். அவர் கடைசி மாடியில் இறங்கினார். வேடிக்கை பார்த்ததில் நான் இறங்க வேண்டிய மாடி எப்போதோ போயிருந்தது.

உண்மை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெப்பமும் அன்பைப் போலத்தான். அருகில் இருப்பவரைச் சுடும், தொலைவில் இருப்பவரை—"

வேண்டாம். இப்படி எழுதுகிறவர்கள் இலக்கியக் கூட்டத்தில் மைக்கை விடமாட்டார்கள்.

அடுத்தது: "மகாதேவன், கட்கியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் பாய்லர் பிரிவைக் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அம்ருதா என்று ஒரே—"

இது பெண் பார்க்க அனுப்பும் விவரக் குறிப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் விவரம் உங்களுக்கு வேண்டும், அதனால் அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்றாவது: "கல்யாணமாகி ஆறு வருஷமாக அம்ருதா வீட்டில் அவள் அப்பா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை."

இது இருக்கட்டும்.

3

அம்ருதாவின் கணவன் ஷ்ரேயஸ் மராத்திக்காரன், நல்ல பிள்ளை, நன்றாகக் கறி சாப்பிடுகிற பிள்ளை. அவர்கள் வீட்டில் கறிக்கும் காப்பிக்கும் ஒரே அடுக்களை. மகாதேவன் கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை வந்து நாற்காலி நுனியில் உட்காருவார். காப்பி கொண்டுவந்தால், "இப்பதான் சாப்ட்டேன்" என்பார். விடிகாலையில் வந்தாலும் அதே பதில்தான்.

"கோவமாப்பா?" என்று அம்ருதா ஒருமுறை கேட்டேவிட்டாள்.

"சேச்சே, கோவம் என்னடி கோவம். பழக்கம்."

அவர் போன பிறகு ஒவ்வொரு முறையும் ஆறிய காப்பியை அவள் தொட்டியில் ஊற்றுவாள். கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம். பழக்கத்தை என்ன செய்வது?

[அடிக்குறிப்பு: அம்மா சரசா வாரத்தின் நடுவில் வந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அது கணவருக்குத் தெரியாது என்பது அவள் நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை.]

4

இனி ஸ்மோக்கர். கறியைப் புகையிலும் அனலிலும் மெதுவாக வேக வைக்கிற இரும்பு உருளை. ஒரு பக்கம் கட்டை எரிகிற பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி. நெருப்பு ஓரமாக இருப்பதால் அந்தப் பக்கம் வைத்தது கரியும், எதிர்ப்பக்கம் வைத்தது வேகாது. வெளிநாடு போன ஆபீஸ் நண்பன் ஒருவன் இதை ஷ்ரேயஸ் தலையில் கட்டிவிட்டுப் போனான். மொட்டை மாடியில் நிறுத்தி, கோழியை அடுக்கி, பாதி கரியும் பாதி பச்சையுமாக எடுத்து, குடும்ப வாட்ஸாப்பில் படமும் போட்டான்.

அந்தக் குழுவில் காலை வணக்கம் தவிர வேறெதுவும் எழுதாத மகாதேவன் மகளுக்குப் போன் செய்தார்.

"அம்ருதா, அந்தப் பெட்டியில காத்து எந்தப் பக்கமா வெளில போறது?"

"கோழி படத்தையா பாத்தேப்பா?"

"அந்த வஸ்துவை யார் பாத்தா? தகட்டைப் பாத்தேன். அப்படி ஒரு பக்கம் மட்டும் கொதிச்சா எங்க பாய்லர்ல ஆளை சஸ்பெண்ட் பண்ணிடுவா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்போடு வந்து நின்றார். எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று பார்க்க, உள்ளே வரிசையாக ரொட்டித் துண்டு வைப்பார்கள் என்று ஷ்ரேயஸ் வீடியோவைக் காட்டினான். "ரொட்டியில முட்டை போட்டிருப்பான்" என்று மகாதேவன் அப்பளக் கட்டைப் பிரித்தார். கறி பட்ட கம்பியின்மேல் வைப்பாரா? கட்கி பஜாரில் வாங்கிய புதுக் கம்பிவலை ஒன்றும் அவர் பையில் இருந்தது. நெருப்பை நன்றாக ஏற்றி மூடியைத் திறந்தபோது, இந்தக் கோடி அப்பளம் தார் ரோடு, அந்தக் கோடி அப்பளம் அப்படியே பச்சை.

[அடிக்குறிப்பு: இந்தச் சூட்டில் அப்பளம் பொரியுமா என்று எனக்குத் தெரியாது. செய்து பார்த்தவர்கள் எழுத வேண்டாம்.]

அனல் நுழைகிற வாயில் ஒரு சாய்ந்த தகடு வைத்தார். கம்பிக்குக் கீழே தகடுகளை, நெருப்புப் பக்கம் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் பரப்பினார். சாயங்காலம் அப்பளங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி சிவந்தன. நாள் முழுக்க மாடியில் இருந்தார். அம்ருதாவின் ஆபீஸ் சண்டையைக் கேட்டார், சரசாவின் முழங்கால் வலியைச் சொன்னார். ஆறு வருஷத்தில் பேசாததெல்லாம் பேசினார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

"ஆச்சு. அடுத்த வாரம் ஒரு சின்ன டச்சப் பண்ணினா போறும். அப்பறம் எனக்கு இங்க ஜோலி இல்லை" என்று கையைத் துடைத்தார்.

ஜோலி முடிந்தால் அப்பா மறுபடி வருஷத்துக்கு இரண்டு முறைதான் வருவார் என்று அம்ருதாவுக்குப் புரிந்தது. மறுநாள் ஷ்ரேயஸ் ஆபீஸ் போனதும் மாடிக்குப் போய், இரண்டு தகடுகளை இடம் மாற்றி வைத்தாள்.

5

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் அப்பா வந்தார், சரிசெய்தார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மகள் கலைத்தாள். "இரும்பு சூட்டுல விரியறதோன்னோ, தகடு நகர்ந்துடறது" என்பார் மகாதேவன். அம்ருதா மிகுந்த அக்கறையோடு தலையாட்டுவாள்.

இந்த இடத்தில் என் நண்பர் பத்மநாபன், எழுதியதை வாங்கிப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் சார், ஆயுசு பூரா பாய்லரோட குப்பை கொட்டினவர். தகடு தானா நடந்து போச்சுன்னு நம்புவாரா?"

"அப்பா சார். மகள்மேல சந்தேகம் வராது."

"வாசகன் மேல உங்களுக்கு ரொம்ப நம்பிக்கை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மகாதேவனை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று அன்றைக்குத்தான் முதலில் தோன்றியது. இருந்தாலும் எழுதியதை மாற்றவில்லை, சோம்பல்தான் காரணம்.

6

கெடுத்தவன் ஷ்ரேயஸ். அதுவும் நல்ல மனசால் கெடுத்தான். வயசான மனிதர் வாராவாரம் வெயிலில் குனிந்து நிமிர்கிறாரே என்று, ஒரு சனிக்கிழமை ஸ்மோக்கரை டெம்போவில் ஏற்றி, போபோடியில் ஒரு வெல்டிங் கடையில் தகடுகளையெல்லாம் பற்றவைத்துக் கொண்டுவந்துவிட்டான். இனி சம்மட்டி கொண்டுவந்தாலும் நகராது. அம்ருதாவிடம்கூடச் சொல்லவில்லை. சர்ப்ரைஸாம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பளத்தை அடுக்கி, நெருப்பை ஏற்றி, மூடியைத் திறந்தார்கள். எல்லா அப்பளமும் ஒரே நிறம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பொன்னிறம்.

"ஏக்தம் பர்ஃபெக்ட், பாபா!" என்று ஷ்ரேயஸ் கைதட்டினான். வேறு யாரும் தட்டவில்லை.

"எந்த இடம்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அம்ருதா அவனிடம் இந்தியில் கேட்டாள். குரல் அவளுக்கே கடுமையாகக் கேட்டது.

"பாபா நே பஹலே ஹஃப்தே ஹீ டாட் லகாயா தா!" என்றான். முதல் வாரமே பாபா புள்ளி வைத்துவிட்டாரே!

அம்ருதா குனிந்து பார்த்தாள். உருளையின் உள்சுவரில், ஒவ்வொரு தகடும் இருக்க வேண்டிய இடத்தில், ஆணியால் தட்டிய சின்னச் சின்னப் புள்ளிகள். அப்படியானால் தகடு சூட்டில் நகரவில்லை, யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள் என்பது முதல் தடவையே அப்பாவுக்குத் தெரியும். யார் மாற்றுகிறார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு வாரமும் அப்பளம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவள் நிமிர்ந்தபோது மகாதேவன் புகைபோக்கியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

(பத்மநாபன் சார், நீங்கள் சொன்னது சரி. போதுமா?)

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

மகாதேவன் ஓர் அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொள்கிறார். பத்மநாபனுக்கு இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.

"புகைபோக்கி கொஞ்சம் உசரம் ஜாஸ்தி. அடுத்த வாரம் பாக்கலாம்" என்கிறார். அவருக்குப் பொருத்தமான பொய். ஆனால் புகைபோக்கியையும் ஷ்ரேயஸ் பற்றவைத்துவிட்டால்?

கம்பிவலையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு லிஃப்ட்டில் இறங்கி, ஸ்கூட்டரை எடுத்து, கட்கிப் பக்கம் திரும்பும்போது அவர்—

இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

8

அதனால் நான் எதுவும் செய்யாமல் அவர்களை அப்படியே விட்டேன். ஷ்ரேயஸ், தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

அம்ருதா ஆறு வருஷமாகக் கேட்டதையே கேட்டாள்.

"ஏதாவது சாப்பிடறியாப்பா?"

மகாதேவன் வழக்கம்போல வாயைத் திறந்தார். மூடினார். மாடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, நுனியில் இல்லாமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பசிக்கறதுடி" என்றார்.

அம்ருதா படியில் தடதடவென்று இறங்கி அடுக்களைக்கு ஓடினாள். ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேல்தட்டில் நேற்றைய கறிக்குழம்பு, கீழ்த்தட்டில் தயிர், பாதி எலுமிச்சம்பழம். ஆறு வருஷமாக அப்பா கேட்கவேண்டும் என்று காத்திருந்தாளே தவிர, கேட்டால் என்ன கொடுப்பது என்று ஒரு நாளும் அவள் யோசித்ததில்லை. எனக்கும் சமைக்கத் தெரியாது.

இனி உங்கள் பொறுப்பு. ஏதாவது செய்து கொடுங்கள், சீக்கிரம். மனிதர் மேலே காத்துக்கொண்டிருக்கிறார்.